விக்டோரியா காலத்துப் பதிவேடுகளில் தொலைந்துபோன பூட்டனைத் தேடும் முறை

1871ஆம் வருட இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் இருக்கிறார். லங்காஷயரில் ஒரு தெரு, மனைவி, நாலு பிள்ளைகள், பஞ்சாலை வேலை. 1881இல் மனைவியும் பிள்ளைகளும் அதே ஊரில் இருக்க, அவரை மட்டும் காணோம். இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் வேர் தேடுபவர்கள் எல்லோரும் என்றாவது இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பெரம்பூர், அரக்கோணம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பமானாலும் சரி, பிரிட்டனில் சம்பந்தம் செய்த தமிழர் வீடானாலும் சரி. உடனே கை அவர் பெயரைத் தேடுபெட்டியில் தட்டப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஜான் டெய்லர் என்று தட்டினால் நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். வயது ஒத்துவரும் ஒருவரை மனம் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவது வேறொரு குடும்பத்தின் வரலாறு.

அவர் விட்டுப்போனவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர் கடைசியாக உயிரோடு தெரியும் தேதி, இல்லை என்று முதலில் தெரியும் தேதி, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பத்து வருடத்திலிருந்து இரண்டு, மூன்று வருடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மனைவி, பிள்ளைகளின் காகிதங்கள்

கணக்கெடுப்பில் மனைவியின் திருமண நிலைப் பத்தியை முதலில் பாருங்கள். 'மணமானவர்' என்று இருந்தால் கணவர் அந்த ஓர் இரவு வீட்டில் இல்லை என்பதற்கு மேல் எதுவும் நிச்சயமில்லை. கணக்கெடுப்பு ஒரு ஞாயிறு இரவைப் பற்றியது: 1851இல் மார்ச் 30, 1861இல் ஏப்ரல் 7, 1871இல் ஏப்ரல் 2, 1881இல் ஏப்ரல் 3, 1891இல் ஏப்ரல் 5. அன்றிரவு அவர் கப்பலிலோ, சிறையிலோ, வெளியூர் வேலைக்குப் போன இடத்து விடுதியிலோ இருந்திருக்கலாம். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதும் பத்தியில் 'தலைவி' என்று போடாமல் 'மனைவி' என்றே எழுதியிருந்தால், புருஷன் திரும்பி வருவார் என்று அந்த வீடு நினைத்தது என்று கொள்ளலாம். தொழில் பத்தியில் 'கடலோடியின் மனைவி' என்று எழுதப்பட்ட வீடுகள் துறைமுக ஊர்களில் நிறைய உண்டு.

'விதவை' என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தெருவில் மானத்தோடு இருக்க அந்தச் சொல் தேவைப்பட்டது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளும் அதையே சொன்னாள். கணக்கெடுப்பாளர் சான்று எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது பிள்ளைகளின் திருமணப் பதிவுகள். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவுகள் எல்லாவற்றிலும் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயருக்கும் தொழிலுக்கும் பத்தி உண்டு. இறந்திருந்தால் பக்கத்தில் 'காலமானவர்' என்று எழுதுவது வழக்கம், ஆனால் கட்டாயமில்லை. அந்தச் சொல் இருந்தால் அது ஒரு தடயம். இல்லாததால் மட்டும் தகப்பன் உயிரோடு இருந்தார் என்று ஆகாது. மூத்த மகள் 1876இல் கல்யாணம் செய்தபோது அந்தச் சொல் இல்லை, இரண்டாவது மகன் 1879இல் செய்தபோது இருக்கிறது என்றால், தேட வேண்டிய காலம் தற்காலிகமாக மூன்று வருடம். அதனால் ஒரு பிள்ளையின் பதிவோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளுடையதையும் எடுக்க வேண்டும். நேரடி முன்னோரின் சான்றிதழை மட்டும் வாங்கிவிட்டு, அவருடைய அண்ணன், தங்கை காகிதங்களை விட்டுவிடுவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் சிக்கனம். நஷ்டமும் அதுதான்.

கடைசிப் பிள்ளையின் பிறப்புப் பதிவையும் பாருங்கள். மணமானவள் பெற்ற பிள்ளைக்குக் கணவர்தான் தகப்பன் என்று சட்டம் எடுத்துக்கொண்டது, ஆகவே அவர் பெயர் இருப்பது அவர் வீட்டில் இருந்ததற்குச் சாட்சி அல்ல. மணமானவளின் பிள்ளைக்குத் தகப்பன் பத்தி வெறுமையாக இருந்தால் அதற்குள் பிரிந்துவிட்டார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

மனைவி மறுமணம் செய்தாளா? 1861இன் குற்றச் சட்டப்படி, துணை ஏழு வருடம் தொடர்ந்து காணாமல் போய், உயிரோடு இருப்பது தெரியாமலும் இருந்தால், மறுமணம் செய்தவரை இருதாரக் குற்றத்துக்காகத் தண்டிக்க முடியாது. முதல் துணை உயிரோடு இருந்தால் அந்த இரண்டாம் திருமணம் செல்லாது, ஆனால் ஜெயில் இல்லை. இது மக்கள் மத்தியில் 'ஏழு வருடம் போனால் போதும்' என்ற நம்பிக்கையாகப் பரவியிருந்தது. ஆக, மறுமணத் தேதியிலிருந்து ஏழு வருடம் பின்னால் எண்ணினால் அவர் போன வருடம் சில சமயம் அப்படியே வந்து நிற்கும். முறையான விவாகரத்து 1858 ஜனவரியிலிருந்து சிவில் நீதிமன்றத்தில் கிடைத்தது என்றாலும், பஞ்சாலைத் தொழிலாளிக்கு எட்டும் செலவில்லை. அப்படியும் ஒரு வழக்கு நடந்திருந்தால் அதன் கோப்பு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஜே 77 வரிசையில் இருக்கும்.

ஆள் உண்மையிலேயே காணாமல் போனாரா?

பாதிப் பேர் போகவே இல்லை. அட்டவணையில் பெயர் சிதைந்திருக்கிறது. நாம் கணினியில் பார்க்கும் பெயர் மூன்று கை மாறி வந்தது. வீட்டுக்காரர் நிரப்பிய (எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்ன) படிவம், அதைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் எழுதிய பேரேடு, அந்தப் பேரேட்டைப் படித்து நம் காலத்தில் தட்டச்சு செய்தவர். விக்டோரியா காலத்து வீட்டுப் படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. நமக்கு இருப்பது பேரேடு மட்டும். ஹாரிஸ் என்பவர் ஆரிஸ் ஆவார், ஓவன் ஹோவன் ஆவார். அந்தக் காலக் கையெழுத்தில் பெரிய எஸ், எல், டி மூன்றும் ஒன்றுபோல இருக்கும். கே எழுத்தும் ஆர் எழுத்தும் கூடக் குழப்பும். முதல் பெயர் சுருக்கமாகவும் இருக்கும், செல்லப்பெயராகவும் இருக்கும்: மேரி போலியாகவும் மோலியாகவும், மார்கரெட் பெக்கியாகவும், ஆன் நான்சியாகவும், எலிசபெத் பெட்ஸி, பெஸ்ஸி, லிஸ்ஸியாகவும், எட்வர்ட் நெட்டாகவும், ஹென்றி ஹாரியாகவும் வருவார்கள்.

தேடும்போது குடும்பப் பெயரை முழுக்க விட்டுவிட்டுப் பாருங்கள். முதல் பெயர், பிறந்த வருடம் ஐந்து முன்பின், பிறந்த பாரிஷ் (தேவாலயப் பங்கு), இவ்வளவு போதும். அப்படியும் கூட்டம் அதிகமென்றால் வீட்டில் அபூர்வப் பெயர் உள்ள பிள்ளையைத் தேடுங்கள். கெசையா, எபனேசர் போன்ற பெயர்கள் அகப்பட்டுக்கொள்ளும். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளங்கள் மூன்றும் ஒரே பக்கத்தை வெவ்வேறு மாதிரி படித்து வைத்திருக்கின்றன. ஒன்றில் இல்லாதவர் இன்னொன்றில் வருவார். பிறந்த இடத்தையும் ஒரே மாதிரி சொல்லமாட்டார்கள்: ஊரை விட்டு வந்தவர் பக்கத்து ஊர்க்காரரிடம் குக்கிராமத்தின் பெயரையும், தூரத்தில் போய் இருந்தால் அருகிலிருந்த பெரிய ஊரின் பெயரையும் சொல்வார்.

சில பொறிகள். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். அந்த வருடம் உறவுமுறையும் எழுதப்படவில்லை. 1851 முதல் உறவுமுறை உண்டு, ஆனால் அன்றைய வழக்கில் மாற்றாந்தகப்பன் வீட்டுப் பிள்ளையை 'சன்-இன்-லா' (இன்று மருமகனைக் குறிக்கும் சொல்) என்றே எழுதியிருப்பார்கள். எட்டு வயதுப் பையனை அப்படிப் பார்த்தால் தாய் மறுமணம் செய்திருக்கிறாள் என்று பொருள். மனநல விடுதி, சிறை போன்ற இடங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் இருப்பது உண்டு. சில பகுதிகளின் பேரேடுகளே தொலைந்தன: 1861இல் லண்டன் பெல்கிரேவியாவின் பெரும்பகுதி இல்லை. 1851இன் மான்செஸ்டர்ப் பேரேடுகள் பல தண்ணீரில் ஊறி, பிறகு உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் உட்கார்ந்து படித்து எடுத்தவை. அந்தத் தெருவின் பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆள் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இறப்பு அட்டவணை

இடைவெளி சுருங்கிய பிறகே இங்கே வர வேண்டும். இரண்டு அட்டவணைகள் உள்ளன, இரண்டையும் பார்க்க வேண்டும். ஃப்ரீபிஎம்டி தளம் பழைய காலாண்டு அட்டவணையின் படி, இலவசம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை வைத்திருக்கும் பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் இருப்பது பதிவேடுகளிலிருந்து புதிதாக எடுத்த அட்டவணை. பழையதில் இறந்தவரின் வயது 1866 முதல்தான், பிறந்த குழந்தையின் தாய்வீட்டுக் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான். புதியதில் இரண்டும் 1837இலிருந்தே கிடைக்கின்றன. தனித்தனியாகத் தயாரானவை என்பதால் ஒன்றின் பிழை மற்றொன்றில் இருக்காது.

காலாண்டு என்பது பதிவு செய்த தேதியைக் குறிக்கும். இறப்பில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் நவம்பர் கடைசியில் பிறந்தவர் அடுத்த வருட மார்ச் காலாண்டில் இருக்கலாம். 1875க்கு முன் பிறப்பைப் பதியாவிட்டால் பெற்றோருக்கு அநேகமாக ஒன்றும் நேராது. ஆகவே தொடக்க காலத்தில் பிறப்பே பதியப்படாதவர்கள் உண்டு. அவர்களைத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் பிடிக்க வேண்டும்.

அவர் கடைசியாக இருந்த பதிவு வட்டாரத்திலும் (பிறப்பு, இறப்பைப் பதியப் பிரித்த பகுதி) அதைச் சுற்றியுள்ள வட்டாரங்களிலும், நீங்கள் சுருக்கிய காலத்துக்குள், வயது மூன்று முன்பின் பொருந்துபவர்களைப் பட்டியலிடுங்கள். வட்டாரத்தின் பெயர் ஊரின் பெயர் அல்ல. எந்த ஊர் எந்த வட்டாரத்தில் இருந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் சான்றிதழ் வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம். அடக்கப் பதிவேடுகளை வைத்துப் பலரைக் கழித்துவிடலாம். மிஞ்சுபவர்களுக்கு முழுச் சான்றிதழைவிட மலிவாக டிஜிட்டல் படம் போதும். பழைய பிறப்பு, இறப்புகளுக்கு அது கிடைக்கும், திருமணத்துக்குக் கிடைக்காது.

இறப்புப் பதிவில் முதலில் படிக்க வேண்டியது தகவல் தந்தவர் பத்தி. மனைவி அல்லது மகன் பெயர் இருந்தால் தேடல் முடிந்தது. மரண விசாரணை அதிகாரியின் பெயர் இருந்தால் திடீர்ச் சாவு. அந்த விசாரணைக் கோப்புகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டிருக்கும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற பழைய பத்திரிகைத் தளத்தில் பெயரை மட்டும் தேடாமல் தெரு, ஆலை, கால்வாய் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். அடையாளம் தெரியாத பிணங்கள் பழைய அட்டவணையில் இசட் எழுத்துக்கும் பிறகு, 'தெரியாதவர், ஆண்' என்று கடைசியில் இருக்கும்.

போன இடம்

சாவு கிடைக்கவில்லை என்றால் அவர் வேறெங்கோ வாழ்ந்திருக்கிறார். எந்த ஆவணத்தைத் திறப்பது என்பதைத் தொழிலும் வருடமும் தீர்மானிக்கும்.

வீட்டை விட்டு ஓடிய கணவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை இருந்தது. மனைவி மக்களைக் கைவிட்டு அவர்களை ஏழைகளுக்கான ஊர் உதவியில் தள்ளுவது 1824ஆம் வருட நாடோடிகள் சட்டப்படி குற்றம். உதவிச் செலவைச் சுமந்த வட்டார நிர்வாகங்கள் ஓடியவரைப் பிடிக்க விளம்பரம் கொடுத்தன. 1857இல் தொடங்கிய புவர் லா யூனியன்ஸ் கெசட் வாரம்தோறும் இப்படிப்பட்டவர்களின் வயது, உயரம், தலைமுடி நிறம், தொழில், கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் அச்சிட்டது. ஒரு தொழிலாளியின் உருவ வர்ணனை வேறெங்கும் கிடைப்பது அரிது. இதில் தேடாமல் விடுவது வீண். கூடவே மனைவியின் வட்டாரத்து வொர்க்ஹவுஸ் சேர்ப்புப் பதிவேட்டையும் பாருங்கள். வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட அந்த ஏழையர் விடுதிகளில் சேர்ந்த காரணம் எழுதப்பட்டிருக்கும். 'கணவர் கைவிட்டார்' என்று இருந்தால் தேதியோடு கிடைத்துவிட்டது. இவை மாவட்ட ஆவணக்காப்பகங்களில் உள்ளன. எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை.

கடலுக்குப் போனவர் கொஞ்சம் கஷ்டம். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு 1845 முதல் 1850களின் நடுப்பகுதி வரை எண் கொடுத்துப் பதிந்த பேரேடுகள் உண்டு. 1857க்குப் பிறகு நூற்றாண்டு முடியும்வரை ஆள்வாரிப் பதிவேடே இல்லை; கப்பல்வாரிப் பணியாளர் பட்டியல்தான். கப்பலின் பெயர் தெரியாமல் அதில் ஒன்றும் செய்ய முடியாது. 1861க்குப் பிந்தைய பட்டியல்களில் பத்தில் ஒரு பங்கு கியூவில், ஐந்தில் முடியும் வருடங்கள் கிரீனிச் கடல் அருங்காட்சியகத்தில், மிச்சத்தில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் சிதறிக் கிடக்கும் ஒரே வரிசை இதுவாகத்தான் இருக்கும்.

தரைப்படை என்றால், கியூ ஆவணக்காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையில் பணியிலிருந்து விடுவித்த காகிதங்கள். 1883க்கு முன் ஓய்வூதியத்தோடு விடுபட்டவர்கள் மட்டுமே அதில் உண்டு; பணியில் செத்தவரும் தப்பி ஓடியவரும் இருக்கமாட்டார்கள். பட்டாளத்தில் பொய்ப் பெயரில் சேர்வது சாதாரணம். சிறை என்றால் 1805 முதல் 1892 வரையான குற்றப் பதிவேடுகள் அங்கேயே எச்ஓ 27 வரிசையில். லண்டன் மத்தியக் குற்ற நீதிமன்ற வழக்குகள் 1913 வரை ஓல்ட் பெய்லி தளத்தில் இலவசம். மனநல விடுதிச் சேர்ப்புப் பதிவேடுகளுக்குக் கியூவின் எம்எச் 94 வரிசை, 1846 முதல்.

கப்பலேறி வெளிநாடு போனார் என்று தோன்றினால், பிரிட்டனில் புறப்பாட்டுப் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1890க்கு முன்னையவை அநேகமாக இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தின் பட்டியல்களைப் பாருங்கள். நியூயார்க் என்றால் குடியேற வந்தவர்கள் இறங்கிப் பதிந்த நிலையங்கள்: 1855 முதல் கேஸில் கார்டன், 1892 ஜனவரி முதல் எல்லிஸ் தீவு. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு பெரும்பாலும் 1921 தீயில் போனது. ஆனால் 1900 கணக்கெடுப்பில் வந்து சேர்ந்த வருடமும் திருமணமாகி எத்தனை வருடம் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. லங்காஷயரில் 1871க்கு முன்பே கல்யாணம் செய்தவர் மாசசூசெட்ஸில் 'மணமாகி 18 வருடம்' என்று நின்றால் இரண்டாவது மனைவி யார் என்று பாருங்கள்.

இந்தியாவுக்கு வந்தவர்கள் தனி. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் (வங்காளம் என்/1, பம்பாய் என்/3). படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் உள்ளன, பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் இலவச அட்டவணை இருக்கிறது. எல்லா நிகழ்வும் லண்டனுக்குப் போய்ச் சேரவில்லை. கிடைக்காவிட்டால் உள்ளூர்த் தேவாலயத்தின் மூலப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் ஒரு குழந்தையின் பிறந்த இடம் 'மெட்ராஸ்' அல்லது 'கிழக்கிந்தியா' என்று இருந்தால் தகப்பன் பட்டாளத்திலோ ரயில்வேயிலோ இருந்தாரா என்று முதலில் பாருங்கள்.

காணாமல் போனது பெண் என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: மறுமணத்தில் பெயர் மாறிவிட்டது. 1912க்கு முன் திருமண அட்டவணையில் துணையின் பெயர் இல்லை. ஃப்ரீபிஎம்டியில் பக்க எண்ணைத் தட்டினால் அதே பக்கத்தில் பதிவான மற்றவர்களின் பெயர் வரும். அந்த ஆண்களில் ஒருவர்தான் மாப்பிள்ளை. அடுத்த கணக்கெடுப்பில் அவள் முதல் பெயரும் பிறந்த ஊரும் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

இவர்தானா அவர்?

பெயர் மாற்ற அன்று எந்தக் காகிதமும் தேவையில்லை. தத்தெடுப்புக்கே 1927 வரை இங்கிலாந்தில் சட்டம் கிடையாது. ஆனால் மாற்றுபவர்கள் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. முதல் பெயரை விடமாட்டார்கள், பிறந்த ஊரையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். புதுக் குடும்பப் பெயருக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பெயரோடும் ஒரு தேடல் போட வேண்டும். இரண்டாம் கல்யாணத்தில் தன்னை 'பிரம்மச்சாரி' என்று சொல்லத் துணிந்தவரும் தகப்பன் பெயரையும் தொழிலையும் அநேகமாக உள்ளபடியே சொல்லியிருப்பார். இரண்டு திருமணப் பதிவிலும் அவை ஒன்றாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

வலுத்த சந்தேகம் நிரூபணம் ஆகாது. கிடைத்த ஆளை முதலில் கொல்லப் பாருங்கள்: 1871இல் அவர் வேறு இடத்தில், வேறு மனைவியோடு இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அவர் வேறு ஆள், கோப்பை மூடலாம். முன்னும் பின்னும் தேடியும், உங்கள் பூட்டன் மறைந்த வருடத்துக்கு முன் அவர் எங்கும் இல்லை என்றால்தான் அவரை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கையெழுத்து. பொதுப் பதிவு அலுவலகம் தரும் சான்றிதழ் ஒரு படி. அதில் இருப்பது எழுத்தர் கை. மணமக்களின் அசல் கையெழுத்து கல்யாணம் நடந்த தேவாலயத்தின் பதிவேட்டிலும் உள்ளூர்ப் பதிவாளரிடமும்தான் இருக்கும். தேவாலயப் பதிவேடுகள் பல படமாக இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, குடும்பப் பெயரின் முதலெழுத்தை அவர் எப்படிச் சுழித்தார் என்று பாருங்கள். எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டவர் என்றால் இந்த வழி அடைபட்டது. அப்போது கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவர் யார் என்று தேடுங்கள்; ஓடிப்போனவருக்கும் கல்யாணத்துக்கு வந்து நிற்க ஒரு தம்பி இருந்திருப்பார்.